அண்ணாச்சியின் கோல்ஃப் புல்

போன சனிக்கிழமை காலை செல்போனில் தனுஷ்கோடி அண்ணாச்சி. "உடனே கெளம்பி வாங்க. போச்சு... எல்லாம் போச்சு!"

பட்டாசு ஆலை நடத்துகிறவர் இப்படிக் கத்தினால் எப்படி இருக்கும்? "யாருக்கும் ஒண்ணுமில்லையே அண்ணாச்சி?" என்றேன்.

"ஆளுகளுக்கு ஒண்ணுமில்ல. என் புல்லு போச்சுய்யா!"

அண்ணாச்சிக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஆலை. அதற்குக் கொஞ்சம் தள்ளி, கரிசல் காட்டில் ஒரு கோல்ஃப் மைதானமும் வைத்திருக்கிறார். ஆறே குழி. ஞாயிற்றுக்கிழமை சென்னை நண்பர்கள் ஆட வருவதாக ஏற்பாடு. போன தடவை, "இது மைதானமா, பொட்டலா?" என்று சிரித்துவிட்டுப் போனவர்கள். அந்தச் சிரிப்பை அண்ணாச்சி மறக்கவே இல்லை.

வசந்தகாலத்தில்தான் மைதானத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் ஏது வசந்தம்? பங்குனி வெயில்தான்! ஆனாலும் மனிதர் விடவில்லை. பெங்களூரிலிருந்து பாய் மாதிரிச் சுருட்டி லாரியில் வந்த புல்லைக் குழிகளைச் சுற்றிப் பதித்தார். வேர் பிடிக்கும்வரை மஞ்சளாகத்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மதுரைக்குக் கிளம்பும்போது ஆலைப் பெண்களைக் கூப்பிட்டு, "மைதானத்தச் சுத்தமா வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் போய்ப் பார்த்தேன். அடடா, என்ன சுத்தம்! பெயருக்குக்கூட ஒரு புல் இல்லை.

"காஞ்ச புல்லு கண்ணுல படக்கூடாதுன்னு வருசம் பூரா ஏசுறது நீங்கதான மொதலாளி?" என்றார், வேலையை முன்னின்று பார்த்த சுப்புத்தாய். "மஞ்சளாக் கெடந்துச்சு. செதுக்கிட்டோம்."

உண்மைதானே? பட்டாசு அறைகளைச் சுற்றி ஒரு சருகு கிடந்தாலும் அண்ணாச்சி ஆடித் தீர்த்துவிடுவார். ஒரு பொறி போதுமே!

"நாளைக்கு அவங்க முன்னால மானம் போயிருமே" என்று அண்ணாச்சி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"பாலைவன நாடுகள்ல மணல்லயே ஆடுறாங்களாம் அண்ணாச்சி" என்றேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன். அவர் எழுந்தேவிட்டார்!

ஆற்று மணல் வந்தது. ஆலையில் பட்டாசு மருந்தைச் சலிப்பது அந்தப் பெண்களுக்குத் தினசரி வேலை. சலித்துப் பரப்பி, தண்ணீர் தெளித்து, டிரம்மை உருட்டி... சாயங்காலத்துக்குள் குழிகளைச் சுற்றி வழவழவென்று மணல் வட்டங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பந்து அதில் நூல் பிடித்த மாதிரி ஓடியது. போன தடவை அதிகமாகச் சிரித்தவரே, "சூப்பர் சார்! யார் போட்டது?" என்றார். "எங்க கம்பெனி ஆளுக!" அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

கடைசிக் குழி. இந்தப் பந்து விழுந்தால் அண்ணாச்சிக்கே ஜெயம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். மட்டையால் பந்தைத் தட்டப் போனவர் சட்டென்று நிறுத்தினார். குழி ஓரத்தில் மஞ்சளாக ஒரே ஒரு புல்...

மட்டையைக் கீழே போட்டார். குனிந்தார். பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஓரமாக நின்ற சுப்புத்தாய் சொன்னார்: "அத நாங்க பாக்காம விட்டுட்டோம் மொதலாளி... ஏசாதீக!"