பெரிய வீட்டு ரிவால்வர்

என் அம்மா அம்சவல்லி ஆனி மாதம் இறந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் இரண்டு பேர், யார்மேலும் பகை இல்லாமல் போய்ச் சேர்ந்த புண்ணியவதி என்று பேசினார்கள். ஊராட்சித் தலைவராக இருந்தவரைப் பற்றி அப்படி ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். அது உண்மையில்லை. அம்மாவுக்குப் பகை இருந்தது. ஒரே ஒரு ஆள்மேல், நாற்பத்திரண்டு வருடம். அதை யாரும் துடைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பூதலூருக்குத் தெற்கே இருக்கிறது. அன்று ஊர் நிலத்தில் முக்கால் பங்கு பெரிய வீட்டுக்குச் சொந்தம். அதன் மிராசுதார் நாணு. அப்பா இராஜாங்கம் அவருடைய பண்ணையாள். அம்மா அந்த வயல்களில் நடவு நட்டார்.

1970 தை அறுவடை. கிழக்கே கூலித் தகராறில் உயிர்கள் போன பிறகு, அரசு அறுவடைக் கூலியை நிர்ணயித்திருந்தது. அப்பா நாலாம் வகுப்பு வரை படித்தவர். அறிவிப்பு வந்த செய்தித்தாளைக் கத்தரித்து, மடியில் வைத்துக்கொண்டு களத்துக்குப் போனார். நெல் அளக்கும்போது அதைப் பிரித்துப் படித்தார். அவ்வளவுதான் அவர் செய்தது.

நாணு கத்தவில்லை. வீட்டிலிருந்து ரிவால்வரை எடுத்துவரச் சொன்னார். அப்பாவைக் குவியலுக்கு முன்னால் முழங்காலிட வைத்து, வாயைத் திறக்கச் சொன்னார். குழலை உள்ளே விட்டு, "இப்பப் படிடா" என்றார்.

களத்தில் அறுபது பேர் இருந்தார்கள். நானும் இருந்தேன். சிதறிய நெல்லைக் கூட்டிப் பொறுக்க அம்மாவோடு போயிருந்தேன். எனக்கு எட்டு வயது. அப்பா படிக்க முயன்றார். அந்தச் சத்தத்தை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

முடிந்ததும் நாணு துப்பாக்கியை அப்பா கையிலேயே கொடுத்தார். எச்சில் போகக் கழுவிக் கொண்டுவரச் சொன்னார். அப்பா அதைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குத் தனியாக நடந்தார். கழுவினார். மேல்துண்டால் துடைத்தார். திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஊருக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் நெஞ்சில் நின்றது. வாயில் வைத்ததை யாரும் அப்பாவிடம் கேட்கவில்லை. கையில் கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்ததைத்தான் கேட்டார்கள். டீக்கடையில் கேட்டார்கள், நாற்றங்காலில் கேட்டார்கள், மச்சான் முறைக்காரர்கள் கிண்டலாகவே கேட்டார்கள். அம்மாவும் ஒரு தடவை கேட்டார்.

"கையில குடுத்தானே. ஏன் திருப்பிக் குடுத்த?"

 ஆடியில் அப்பா, நாற்றுக்கு அடிக்க வைத்திருந்த பூச்சிமருந்தைக் குடித்தார்.

அம்மாவின் அடுத்த இருபத்தேழு வருடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நடவுக்கு ஆள் சேர்த்துப் போகும் கொத்துத் தலைவியானார். உச்சவரம்புச் சட்டத்தில் பெரிய வீட்டின் பினாமி நிலம் உபரியானபோது, ஒன்பது வருடம் தஞ்சாவூருக்கு அலைந்து அதில் இரண்டு ஏக்கர் பெற்றார். என்னை டிப்ளமோ படிக்கவைத்தார். திருச்சியில் ஒரு வால்வு தொழிற்சாலையில், பாகங்களை அளந்து சோதிக்கும் அளவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். 1996 உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சியைப் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கினார்கள். அம்மா ஜெயித்தார். புறம்போக்கை மீட்கப் போனதில் மிரட்டல் வந்தது. அதைக் காரணமாகக் காட்டித் துப்பாக்கி உரிமத்துக்கு மனு போட்டார். அடுத்த வருடம் உரிமம் வந்தது.

மிரட்டலுக்கு அவர் பயந்தவர் இல்லை. நாணு உரிமத்தைப் புதுப்பிக்காமல் ரிவால்வரைத் தஞ்சாவூர்க் கடையில் விற்பனைக்கு விட்டிருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"மெசினு பாக்கத் தெரிஞ்சவ நீ, கூட வா" என்று என்னைக் கூப்பிட்டார்.

கடைக்காரர் மீரா உசேன். அவர் அப்பா காலத்திலிருந்து ஆயுத வியாபாரம். பச்சைத் துணியைப் பிரித்து ரிவால்வரை மேசைமேல் வைத்தார். இங்கிலாந்தில் செய்தது. பெரிய உடல், ஆறங்குலக் குழல், ஆறு தோட்டா அறை கொண்ட உருளை. எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். நடுவில் மடக்கித் திறந்தால் காலித் தோட்டாக்களைத் தானே வெளியே தள்ளும். எண்பது வருடப் பொருளுக்குக் கீல் இறுக்கமாக இருந்தது. உருளையைப் பூட்டி ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் மிகக் குறைவு. நல்ல வேலைப்பாடு. அதை ஒத்துக்கொள்ள எனக்குக் கசந்தது.

சுத்தியலைப் பார்த்தபோது நின்றுவிட்டேன். தோட்டாவின் பின்புறத்தைக் குத்த வேண்டிய முள் அதில் இல்லை. முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பழைய துரு, துருவின்மேல் எண்ணெய்க் கறுப்பு.

மீரா உசேன் மறைக்கவில்லை. "தலைவரம்மா, இது அலங்காரத்துக்குத்தான். சுடாது. அம்பத்தெட்டுலயே முள்ளு போச்சு" என்றார். அந்த வருடம் பழுதுபார்க்கக் கொண்டுவந்ததும், பாகம் கிடைக்காமல் திருப்பிக் கொடுத்ததும் அவர் தந்தையின் கையெழுத்தில் பதிவேட்டில் இருந்தது. நாணு இதைக் கடையில் உட்கார்ந்து பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார் என்றும் சொன்னார். சுடாத துப்பாக்கியைக் காட்டி ஒரு களத்தையே அடக்கிய கதை. அதைக் கையிலேயே கொடுத்தும் அந்த ஆள் பாத்திரம்போலக் கழுவிக் கொண்டுவந்த கதை. தஞ்சாவூரில் அவர் சீட்டாடப் போகும் இடத்திலும் அதுதான் பேர்போன கதையாம். அந்த ஆள் யார் என்று மீரா உசேனுக்குத் தெரியாது.

 அம்மா என்னைப் பார்த்து, "அதனாலதான் கையில குடுத்திருக்கான்" என்றார்.

அதுவரை அம்மாவுக்கு அந்தத் துப்பாக்கியைச் சொந்தமாக்கினால் போதும் என்றிருந்தது. கடையில் அந்த நிமிடத்தில் அது போதாமல் போயிற்று. இருபத்தேழு வருடம் தான் அப்பாவைக் கேட்ட கேள்வியைச் சுமந்தவர் அவர். அப்பா விசையை இழுத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. நாணு சிரித்திருப்பார், பிறகு ஆட்களை விட்டு அடித்தே கொன்றிருப்பார். இப்படியும் சிரிப்பு, அப்படியும் சிரிப்பு.

"இதைச் சுட வைக்க முடியுமா?" என்று கேட்டார் அம்மா.

முடியும் என்றேன். முறிந்த பாகத்தை அளந்து வரைபடம் போட்டேன். மீரா உசேனின் பட்டறையில், உரிமம் பெற்ற ஆள்தான் செய்தார். முதல் முள் கடினப்படுத்தும்போது விரிசல் விட்டது. இரண்டாவது நீளம் போதவில்லை. மூன்றாவது சரியாக உட்கார்ந்தது. பழைய இரும்பு கறுப்பு, புது முள் மட்டும் வெள்ளை. கறுப்பேற்றிவிடவா என்று கேட்டதற்கு அம்மா வேண்டாம் என்றார்.

மாசியில், அறுத்த வயலில் வரப்பைப் பார்த்து, மீரா உசேனிடம் வாங்கிய பழைய தோட்டாக்களில் ஒன்றைச் சுட்டோம். இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லியும் அம்மாவின் கைகளை அது நெற்றிவரை தூக்கிப்போட்டது. வரப்பில் ஒரு படி மண் பெயர்ந்தது. கொக்குகள் எல்லாம் எழுந்துவிட்டன. அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "ஏ ஆத்தி, என்னா உதை உதைக்கிது" என்று மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதன்பிறகு தினமும் சாயங்காலம் அதை மடியில் வைத்துத் துடைப்பார். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், மார்கழியில் உறையும் என்று நான் சொன்னதைக் கேட்கவே இல்லை.

பங்குனியில் பெரிய வீட்டுக்குப் போனோம். நாணுவுக்கு எழுபது தாண்டியிருந்தது. மீதி நிலத்தை விற்பதற்காக மகன் ராமசுப்பிரமணியன் சென்னையிலிருந்து வந்திருந்தார், வங்கி அதிகாரி. கூடத்தில் இரண்டு பேரும் இருந்தார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு நாணுவுக்கு எதிரே உட்கார்ந்தார். நான் தூணருகே நின்றேன். வயர்கூடையிலிருந்து ரிவால்வரை எடுத்து மடியில் வைத்தார்.

நாணு சிரித்தார். "எங்க வீட்டுச் சாமானை அந்தப் பாய் உன் தலையில கட்டிட்டானா? அது வெடிக்காது, அம்சம்."

"எப்பலேர்ந்து வெடிக்காதுங்க?"

"எங்கப்பா காலத்துலேர்ந்து. உன் புருஷனுக்குத்தான் பாவம் தெரியாது."

மகனும் சிரித்தார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்.

"வெடிக்காதுன்னா வாயைத் திறங்க" என்றார் அம்மா.

மகனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "திறந்து காட்டிட்டு அனுப்புங்கப்பா. இதுக்காகவே வந்திருக்காங்கபோல" என்றார்.

நாணு திறக்கவில்லை. அவர் கண் சுத்தியலில் இருந்தது. அம்மா கட்டைவிரலால் அதைப் பின்னால் இழுத்து நிறுத்தியிருந்தார். வெள்ளை முள் நன்றாகத் தெரிந்தது. அந்த அறையில் அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் மூன்று பேர். மகனுக்குத் தெரியாது. சொன்னால் மகன் முன்னால் பயந்ததாக ஆகும். சொல்லாவிட்டால் திறக்க வேண்டும். நாணு உதட்டை இறுக்கிக்கொண்டார். தாடை ஆடியது.

"என்னப்பா, வெடிக்காததுக்குப் போய்?" என்று மகன் இன்னொரு தடவை சொன்னார். குரலில் லேசான ஏளனம் இருந்தது. பிறகு அப்பாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

நாணு வாயைத் திறந்தார். மேல்வரிசைப் பல்செட் இறங்கியது. அம்மா இரண்டு கையாலும் துப்பாக்கியைத் தூக்கி, அந்த வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தார். நான் எண்ணினேன். பதினொரு நொடி. எச்சில் மோவாயில் வழிந்து வேட்டியில் விழுந்தது. மகன் எழுந்து நின்றார், ஆனால் ஓர் அடிகூட முன்னால் வரவில்லை. அதை நாணுவும் பார்த்தார்.

அம்மா சுத்தியலை மெதுவாக இறக்கினார்.

"போதும், மூடிக்கங்க. உள்ள விட்டா எச்சில் படும். கழுவ இப்ப ஆள் கிடையாது."

அங்கிருந்தே அம்மாவை என்னோடு திருச்சிக்குக் கூட்டிப் போனேன். பேருந்தில் கடைசி இருக்கை காலியாக இருந்தது. கூடைக்குள் கைவிட்டு, துணியோடு துப்பாக்கியை மடக்கித் திறந்து பார்த்தேன். காலியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆறு அறையிலும் தோட்டா இருந்தது.

"எதுக்கும்மா ஆறு? ஒண்ணு போதாதா?"

"பழைய சரக்குன்னு பாயி சொன்னாருல்ல. ஒண்ணு வெடிக்காமப் போனா?"

அதில் தொழில்நுட்பரீதியாகத் தவறு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. ஏன் சுடவில்லை என்று கேட்டேன். பூதலூர் ரயில்வே கேட் தாண்டியபோது சொன்னார்.

"சுடத்தான் போனேன், செவ்வந்தி. திறந்ததும் உங்கப்பா வாயாட்டம் இருந்துச்சு. பயந்தவன் வாய் எல்லாம் ஒண்ணா இருக்கு. அதுலதான் தப்பிச்சான், சனியன்."

இதை மன்னிப்பு என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அம்மாவுக்கு அன்று ஆத்திரம் தணியவில்லை, கூடியது. அப்பாவின் முகம் நாணுவைக் காப்பாற்றியதை அவரால் பொறுக்க முடியவில்லை.

நாணு புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து பார்த்த பெரிய வீட்டு வேலைக்காரப் பெண் வழியாக விஷயம் ஊருக்கு வந்தது, ஊரிலிருந்து தஞ்சாவூருக்கும் போனது. சீட்டாடும் இடத்துக்கு அவர் போவதை நிறுத்திவிட்டார் என்று மீரா உசேன் சொன்னார். மகன் நிலத்தை விற்றுக்கொண்டு போனவர், அப்பாவைத் தன்னோடு அழைத்துக்கொள்ளவில்லை. பெரிய வீட்டு வாசல்கதவு பகலிலும் சாத்தியிருந்தது. அம்மா ஊராட்சி வேலைகளைப் பார்வையிடப் போகும்போதும் வரும்போதும் வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாகச் சுற்றித்தான் போவார். 2008இல் நாணு செத்தார்.

அம்மாவுக்கு மிகப் பிடித்த நாட்கள் தேர்தல் காலம். தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். சுற்றுவட்ட மிராசுதார்களும் அவர்கள் பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் போய் நின்றுகொள்வார். பின்னால் நிற்பவரிடம், "இது பெரிய வீட்டுது, தெரியுமில்ல? இப்ப வெடிக்கும்" என்பார். ஆயுத பூஜையில் அரிவாள்களுக்கு நடுவே அதற்கும் சந்தனம் வைப்பார். குழலுக்குள் சந்தனம் போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

அவர் இறந்ததும் துப்பாக்கியைக் கடையில் ஒப்படைத்துவிட்டு, வாரிசாக என் பெயருக்கு மனு போட்டேன். போன வாரம் விசாரணைக்கு நாகநாதன் என்ற ஏட்டு வந்தார். சின்ன வயது, நல்ல மாதிரி. வேலை, வருமானம், வழக்கு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, எதிரி யாராவது உண்டா என்று கேட்டார். நாணுவின் பெயரைச் சொன்னேன்.

"அவரு செத்து நாலு வருஷம் ஆச்சேம்மா" என்றார்.

"தெரியும். எழுதிக்கங்க" என்றேன்.

பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.