பற்றரி மாத்தினவன்ரை தலையிலை

மோட்டார் சைக்கிளுக்குப் பற்றரி மாத்திறது எப்பிடிப்பட்ட தொழில் எண்டால், கடைசியாத் தொட்டவர் நீங்கள் எண்டால் போதும், இனி அதிலை என்ன பழுதானாலும் அது நீங்கள் செய்த பழுது.

இந்த வேலை பாத்தவை ஆரும் வாசிச்சுக்கொண்டிருந்தால், உங்களுக்கும் இப்ப வயிறு எரியத் தொடங்கியிருக்கும். நான் எங்கடை குடாநாட்டுத் திருநெல்வேலியிலை பலாலி றோட்டோரம் ஒரு கொட்டிலிலை இருந்தனான். கறண்ட் இல்லை, புதுப் பற்றரியை ஆமி உள்ளை வர விடாத சண்டைக்காலம். மூண்டு செத்த பற்றரியை வெட்டி, நல்ல தகடுகளை எடுத்து ஒண்டாக்கிக் குடுப்பன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. "அவன் நல்லாச் செய்வான்" எண்டு சனம் சொல்லுற வாய்ச்சொல்லிலைதான் என்ரை அடுப்பு எரிஞ்சது. அந்தச் சொல்லைக் கெடுக்கவெண்டே சில பேர் வருவினம்.

செய்தி

ஒரு கணக்கு வாத்தியார். பற்றரி போட்டுக்குடுத்து நாலாம் நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "தம்பி, நீர் போட்ட பற்றரி சார்ஜ் ஏறுதில்லை" எண்டு றோட்டிலை நிண்டே பெலத்துச் சொன்னார். பஸ்ஸுக்கு நிண்ட சனம் முழுக்கத் திரும்பிப் பாத்தது. சீற்றைக் கழட்டினால், சிவப்பு வயர் மைனஸிலை, கறுப்பு வயர் பிளஸிலை. பியூஸிலை சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுத்தி வைச்சிருக்கிறார். எரியவேண்டிய பியூஸ் எரியேல்லை, பற்றரிக்குச் சார்ஜ் குடுக்கிற றெக்ரிபயர் எரிஞ்சு போச்சு. அந்தச் சாமானுக்கு நான் அந்த நாளிலை எங்கை போறது?

"மாஸ்டர், பற்றரியைக் கழட்டினனீங்களோ?" எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு கேட்டன். மனுசன்ரை முகத்திலை ஒரு மாற்றமும் இல்லை.

"நான் ஏன் தம்பி அதிலை கை வைக்கிறன், பின்னேரத்திலை றேடியோவிலை செய்தி கேக்க மட்டும்தான் கழட்டுறனான்."

நல்ல தண்ணி

பற்றரியிலை தண்ணி குறைஞ்சால் மழைத்தண்ணி பிடிச்சு விடுங்கோ எண்டு ஒவ்வொருத்தருக்கும் தொண்டை கிழியச் சொல்லி அனுப்புவன். கோண்டாவில் பக்கத்து ஆள் ஒருத்தர் கொண்டுவந்த பற்றரியைத் திறந்தால், உள்ளை வெள்ளை வெள்ளையாப் படிஞ்சு தகடெல்லாம் நாசம். கிணத்துத் தண்ணி. சுண்ணாம்புக்கல்லுக்குள்ளாலை வாற தண்ணியை உதுக்குள்ளை ஊத்தலாமோ எண்டு கேட்டதுக்கு, ஆள் என்னோடை சண்டைக்கு வந்திட்டார்.

"எங்கடை கிணத்துத் தண்ணியை ஊர்ச்சனமே வந்து அள்ளிக்கொண்டு போகுது, உம்மடை பற்றரிக்கு மட்டும் என்ன குறை?"

கறுப்பு லைற்

குண்டு போடுற பிளேனுக்குத் தெரியக்கூடாதெண்டு எல்லாரும் லைற்றுக்குக் கறுப்புப் பூசியிருந்த காலம். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் ஒருத்தர் பின் லைற்றை ஒரு பொட்டு வெளிச்சமும் வராமல் பூசி வைச்சிருந்தார். அவர் மூண்டாம் தரம் வந்தார். பற்றரி ஒரு இரவும் தாங்குதில்லையாம். அதை என்னட்டைச் சொல்லமுதல் பங்கீட்டுக்கு வரிசையிலை நிண்ட சனத்துக்கெல்லாம் சொல்லிப்போட்டார். அந்தக் கிழமை ஒரு குருவியும் என்ரை கொட்டில் பக்கம் வரேல்லை. எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்திருக்கும் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ.

"வீட்டை போய் எப்பிடி நிப்பாட்டுறனீங்களோ அப்பிடியே நிப்பாட்டிக் காட்டுங்கோ" எண்டன். நிப்பாட்டினார். கள்ளருக்குப் பயந்து, பூட்டுற திறப்பை இன்னும் ஒரு சுத்துச் சுத்தி எடுத்தார். அந்தக் கடைசிச் சுத்து, றோட்டோரம் நிப்பாட்டேக்கை பின் லைற் மட்டும் எரியிறதுக்கு. கண்ணாடியிலை கை வைச்சன், இளஞ்சூடு. நகத்தாலை சுரண்டினால் உள்ளை சிவப்பா எரியுது. விடிய விடிய எரிஞ்சிருக்கு. மனேச்சர் குனிஞ்சு பாத்தார்.

"எரிஞ்சால் என்ன அண்ணை, வெளியிலை தெரியேல்லைத்தானே."

பிளஸ் வயர்

இப்பிடியெல்லாம் பட்டு, வாறவை எல்லாரிலையும் கடுப்பா இருந்த நேரம் வட்டுக்கோட்டைத் தோட்டக்காரர் ஒருத்தர் வந்தார். வயசான மனுசன். வெள்ளைக்காரன் நாட்டிலை செய்த பழைய சைக்கிள், வயரெல்லாம் நிறம் போய் ஒரே மண் கலர். வேறை நாலு பேரும் முறைக்கு நிண்டவை. நான் எல்லாச் சைக்கிளுக்கும் செய்யிற மாதிரி மைனஸைச் சைக்கிளின்ரை இரும்புப் பிறேமிலை கொழுவப் போனன்.

"தம்பி, உதிலை பிளஸ்தான் பிறேமுக்குப் போறது" எண்டார்.

"ஐயா, நீங்கள் சும்மா இருங்கோ. ஆளாளுக்கு உப்பிடிச் சொல்லித்தான் என்ரை பேர் கெட்டுப்போய்க் கிடக்கு" எண்டு பாய்ஞ்சு விழுந்தன். மற்ற வயரை வைச்சு முறுக்கின உடனை சீற்றுக்குக் கீழை புகை. வயர் உருகி, றெக்ரிபயர் கருகிப் போச்சு. அந்தப் பழஞ்சைக்கிளுக்கு எல்லாமே தலைகீழ், அவர் சொன்னதுதான் சரி. முறைக்கு நிண்டவை கிட்ட வந்து எட்டிப் பாக்கினம். பழைய வயர், அதாலைதான் எண்டு ஒரு பொய் என்ரை நாக்கு நுனி வரைக்கும் வந்திட்டுது. அதுக்குள்ளை அவர் என்ரை தோளிலை கை வைச்சு, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரிச் சொன்னார்.

"ஆரும் கேட்டால் நான்தான் மாறிக் கொழுவினது எண்டு சொல்லும் தம்பி, நீர் இதிலை இருந்து உழைக்கவேணும்."

கோவம் எனக்கு இப்பவும் குறையேல்லை, ஆனால் பிறேமுக்கு எந்த வயர் போகுதெண்டு பாத்துப்போட்டுத்தான் கோவப்படுறன்.