எட்டாத மணிக்கயிறு

2004ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை காலை. ஒஸ்லோவில் ஹொல்ம்லியா ரயில் நிலையத்துக்கு வெளியே, ஒரு கையில் புட்டுப் பெட்டியும் மறு கையில் ஒரு குழந்தையின் பனிக்கால ஜாக்கெட்டுமாக நான் நின்றுகொண்டிருந்தேன். நல்ல வெயில். கோடையில் பனிக்கால ஜாக்கெட்டா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. அன்று என் மகள் நோர்வேக்கு வருகிறாள். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த பிள்ளை இங்கே வந்து இறங்கியதும் நடுங்கிவிடுவாளோ என்று பயந்து வாங்கியது அது.

மகள் என்று சொல்கிறேனே தவிர, அதுவரை அவளை நான் நேரில் பார்த்ததே இல்லை. நான் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அவள் தாயின் வயிற்றில் இருந்தாள். என் அகதி விண்ணப்பம், அதற்கான காத்திருப்பு, பிறகு குடும்பத்தை அழைக்க அனுமதி என்று இழுபட்டு, அவளுக்கு மூன்று வயது ஆனபிறகுதான் எல்லாம் சரிவந்தது. தொலைபேசியில் நான் எவ்வளவு கொஞ்சினாலும் மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஒரு சொல் பேசமாட்டாள். மனைவிக்கோ விமானம் ஏறுவதே முதல் தடவை. "நாங்கள் வெளியிலை வரேக்கை நீங்கள் அங்கை நிக்கவேணும். முதல் ஆளா நிக்கவேணும், சொல்லிப்போட்டன்" என்று புறப்படும் முன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எனக்கும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. மகள் இந்த நாட்டில் முதலில் பார்க்கும் முகம் என்னுடையதாக இருக்கவேண்டும்.

காரில் கூட்டிப்போவதாகச் சொன்ன நண்பன் நகரத்தின் மறுகோடியில், ஹவுகன்ஸ்டுவாவில் இருந்தான். அன்று காலை பார்த்து அவனை அவசரமாக வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சரி, ரயிலில் நகரத்துக்குப் போய் அங்கிருந்து விமான நிலைய ரயிலைப் பிடிப்போம் என்று வந்தால் ரயிலும் ஓடவில்லை. கோடை வந்தால் இங்கே தண்டவாளம் திருத்தத் தொடங்கிவிடுவார்கள். அந்த நாட்களில் ரயிலுக்குப் பதிலாகப் பஸ் விடுவார்கள். அது எந்த நிறத்தில், எந்த ஊரிலிருந்து வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. சும்மா நிற்கிற பஸ்களையெல்லாம் வாடகைக்குப் பிடித்து ஓட்டுவார்கள். ஒஸ்லோவில் இருப்பவர்களுக்கு அது பழகிப்போன விஷயம், வந்ததில் ஏறிக்கொள்வோம். அன்று முதலில் வந்த பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அடுத்தது வரவேயில்லை.

அப்போதுதான் அது வந்தது. முகம் உருண்டு திரண்டு, உடம்பு சிவப்பும் வெண்மஞ்சளுமாக, பளபளவென்று ஒரு பழைய பஸ். நேரத்தைப் பார்த்துப் பார்த்து நின்ற நான் யோசிக்கவேயில்லை. ஊரில் பஸ்ஸை மறிப்பதுபோல முழுக்கையையும் நீட்டினேன். அது நின்றது. தொப்பியும் சீருடையும் அணிந்த ஒரு அம்மா கதவைக் கையால் தள்ளித் திறந்தார். எண்ணெய்க் காசில் புரளும் நாட்டுக்கே பஸ் தட்டுப்பாடு வந்து, இருந்ததை எடுத்து ஓட்டுகிறார்கள் போல என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே ஏறினேன்.

அந்த அம்மாதான் கொண்டக்டர். தோளில் ஒரு தோல் பை. என் மாதச் சீட்டைக் காட்டினேன். வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார், வாய்க்குள் சிரித்தார், தன் பையிலிருந்து ஒரு தடித்த காகிதச் சீட்டை எடுத்து டக்கென்று ஓட்டை போட்டுத் தந்தார். நோர்வேயில் கொண்டக்டர் சீட்டுக் கிழித்துத் தருவதை நான் அதற்குமுன் கண்டதில்லை. உள்ளே இருந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஆண்கள் பலரும் தொப்பி வைத்திருந்தார்கள். பெண்கள் பழைய மோஸ்தர் கவுன் போட்டு, மடியில் பிரம்புக் கூடைகளோடு இருந்தார்கள். எங்காவது கல்யாணமோ என்று நினைத்தேன்.

பஸ்ஸைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவசரமே மறந்துபோய்விட்டது. கூரையில் வார்னிஷ் பூசிய மரம். ஜன்னல்களுக்கு மேலே, பஸ்ஸின் முழு நீளத்துக்கும் ஒரு மணிக்கயிறு. கொண்டக்டர் அம்மா அதை இரண்டு தரம் இழுத்தார், பஸ் புறப்பட்டது. ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. அட, ஊரிலும் இதே கணக்குத்தானே! சாரதி ஒவ்வொரு கியருக்கும் கிளச்சை இரண்டு தரம் மிதித்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த தொப்பிக்காரர், தான் தைத்த இருக்கை இது என்று என் முதுகுப்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். ஒரு தோட்டத்துக் கொட்டிலில் இந்தப் பஸ்ஸைக் கண்டெடுத்தபோது உள்ளே கோழி வளர்த்துக்கொண்டிருந்தார்களாம். இதற்கிடையில் ஒரு பெண்மணி ஜாம் தடவிய வாஃபில் ஒன்றை நீட்டினார். ரயிலுக்குப் பதிலாக விட்ட பஸ்ஸில் வாஃபிலும் கொடுக்கிறார்களே என்று கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருக்கவேண்டாமா? வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்குள் கோழி எங்கே முட்டையிடும் என்று கேட்டேன்.

நான் கேள்வி கேட்க அவர் பதில் சொல்ல, வெளியே பார்க்காமலே இருந்துவிட்டேன். தற்செயலாகத் திரும்பினால் ஜன்னலுக்கு அப்பால் ஹவுகன்ஸ்டுவா மாடி வீடுகள் நிற்கின்றன. என் நண்பனின் பல்கனிகூடத் தெரிகிற மாதிரி இருந்தது. ஹொல்ம்லியாவிலிருந்து நகரத்துக்குப் போகிற எந்தப் பஸ்ஸும் ஹவுகன்ஸ்டுவாவைப் பார்க்காது.

"இது நகரத்துக்குப் போகாதா?" என்று கத்தியேவிட்டேன். கொண்டக்டர் அம்மா வந்து எதிர்ப்பக்க இருக்கையில் அமர்ந்து நிதானமாக விளக்கினார். இவர்கள் பழைய பஸ்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு சங்கத்து ஆட்கள். ஓய்வு நேரத்தில் திருத்துவார்கள், கோடையில் ஊர் ஊராக ஓட்டிக்கொண்டுபோய் மற்றப் பழைய பஸ்களோடு கூடுவார்கள். அன்று மியோசா ஏரிக்கரையில் ஒரு நகரத்தில் அப்படி ஒரு கூட்டம். மதியம் எல்லாப் பஸ்களும் வரிசையாக ஊர்வலம் போகும். கோழிக் கொட்டிலிலிருந்து மீண்ட இந்தப் பஸ்ஸுக்கு அதுதான் முதல் ஊர்வலம். அம்மாவின் வீடு ஹொல்ம்லியாவில் இருந்ததால் அவரை ஏற்றத்தான் அந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்த நொஸ்க் மொழியில் தாறுமாறாக எல்லாவற்றையும் கொட்டினேன். மனைவி, முதல் விமானப் பயணம், பார்த்திராத பிள்ளை. சொல் கிடைக்காத இடத்தில் அந்த ஜாக்கெட்டை விரித்துக் காட்டினேன். அம்மா அதை வாங்கி, அதன் சின்னக் கையைச் சற்றுநேரம் பிடித்துப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ச் சாரதியின் காதில் ஏதோ சொன்னார். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தலையாட்டினார். நகரத்துக்குத் திரும்பிப் போய் ரயில் பிடிப்பதைவிட இப்படியே போவது கிட்டவாம், கார்டர்மூன் விமான நிலையம் இவர்கள் போகும் வழிக்குப் பக்கத்தில்தானாம். அப்படியானால் ஊர்வலம்? அது போனால் போகட்டும் என்றார் தொப்பிக்காரர். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவேயில்லை.

நெடுஞ்சாலையின் வேகம் அந்தப் பஸ்ஸுக்கு ஆகாது என்று பழைய வீதியால் போனார்கள். யெல்லெரோசன் ஏற்றத்தில் ஏறும்போது முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று நீராவி. ஓரங்கட்டினார்கள். இதற்கென்றே ஒரு பால் கேனில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள், ஆனால் சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாதாம். விமானம் இறங்கும் நேரமாகிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பொறுக்க முடியாமல் வீதிக்கு இறங்கி, போகிற கார்களுக்கெல்லாம் கையை நீட்டினேன். ஒன்றும் நிற்கவில்லை. சாரதி வந்து என் தோளைத் தொட்டார். அதெல்லாம் கார், கைகாட்டினால் நிற்காது, பஸ்தான் நிற்கும் என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

விமான நிலைய வாசலில் நாங்கள் போய் நின்றபோது, சூட்கேசுகளோடு நின்றவர்கள் எல்லாரும் பஸ்ஸையே பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் ஓடினேன். எனக்குப் பின்னால் தோல் பை குலுங்கக் குலுங்கக் கொண்டக்டர் அம்மாவும் ஓடிவந்தார். வருகை மண்டபம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. ஒரு தூணுக்குப் பக்கத்தில் சூட்கேசின்மேல் என் மனைவி இருந்தாள். அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்றாள்.

"முதல் ஆளா நிக்கச் சொன்னனான். கடைசி ஆளா வாறியள்" என்றாள் மனைவி. அவ்வளவுதான், முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் மகளுக்கு முன்னால் மண்டியிட்டுக் கையை விரித்தேன். அவள் வீரிட்டுக் கத்திக்கொண்டு தாய்க்குப் பின்னால் ஒளிந்தாள். "அப்பாவடி குஞ்சு, பயப்படாதை" என்று தாய் எவ்வளவு சொல்லியும் வரவில்லை. ஜாக்கெட்டைக் காட்டினேன், அதற்கும் கத்தினாள். அன்றைக்கு நான் பட்ட வேதனைகளில் அதுதான் பெரியது. எத்தனை இரவு இந்தக் கணத்தை நினைத்துப் படுத்திருப்பேன்! நினைத்தபோதெல்லாம் அவள் என்னிடம் ஓடித்தான் வந்தாள்.

வெளியே வந்து பஸ்ஸைப் பார்த்ததும் மனைவியின் அழுகை நின்றுவிட்டது. என் காதருகே குனிந்தாள்.

"இஞ்சாருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. இஞ்சை ஏதும் பஞ்சமோ? எங்கடை ஊரிலை ஓடுறது இதைவிடப் புதுசு."

நான் அவசரமாக எல்லாம் சொல்லி, இவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு ரயிலில் போவோம் என்றேன். கொண்டக்டர் அம்மா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். எங்களோடு வாருங்கள், மாலையில் இதே பஸ் ஹொல்ம்லியாவுக்குத் திரும்பும், வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறோம் என்றார். மனைவிக்கு மொழிபெயர்த்தேன். "நிக்கிற பஸ்ஸை விட்டிட்டு வேறை எதைத் தேடப்போறியள்? எனக்குக் கால் உளையுது" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ஏறி அமர்ந்தாள்.

பஸ் புறப்படக் கொண்டக்டர் அம்மா மணியை இரண்டு தரம் இழுத்தார். மகளின் கண் அந்தக் கயிற்றிலேயே நின்றுவிட்டது. தாயின் மடியிலிருந்து இறங்கி இருக்கையில் ஏறி நின்று கையை உயர்த்தினாள். எட்டவில்லை. நுனிக்காலில் நின்றாள், அப்போதும் எட்டவில்லை. தாயைப் பார்த்தாள். தாய் அசதியில் கண்ணை மூடியிருந்தாள். நான் எழுந்துபோய்க் கை இரண்டையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் கயிற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் கயிற்றைப் பார்த்தாள். பிறகு மெல்ல இரண்டு கைகளையும் என் பக்கம் தூக்கினாள்.

என் பிள்ளையை நான் முதன்முதலில் தூக்கியது அப்படித்தான். அவள் கயிற்றைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். டிங்! சாரதி உடனே பிரேக் போட்டு, ஆளும் இல்லாத வீடும் இல்லாத ஒரு வயல் ஓரத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டார். ஒரு மணி அடித்தால் நிறுத்தத்தானே வேண்டும்! பஸ்ஸே சிரித்தது. கொண்டக்டர் அம்மா இரண்டு விரலைக் காட்ட, மகள் இரண்டு தரம் இழுத்தாள், பஸ் புறப்பட்டது. என் கழுத்தை ஒரு சின்னக் கை இறுக்கிப் பிடித்தது. காதுக்குள் ஒரு குரல் கேட்டது.

"இன்னொருக்கா."

என் மகள் என்னிடம் பேசிய முதல் சொல் அது. அதன்பிறகு வயல்வெளிகளில் எத்தனை இடத்தில் அந்தப் பஸ் நின்றது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மணிக்கும் சாரதி முறைப்படி நிறுத்தினார். நாங்கள் ஏரிக்கரையை அடைந்தபோது ஊர்வலம் முடிந்து, மற்றப் பஸ்களெல்லாம் புல்வெளியில் வரிசையாக நின்றன. எங்கள் பஸ் கடைசியில் தனியாகப் போய்ச் சேர்ந்துகொண்டது. எல்லோருமாக நான் கொண்டுபோன புட்டைப் பகிர்ந்து சாப்பிட்டோம். இவர்களுக்கு இதற்குச் சம்பளம் இல்லை என்பதை மட்டும் மனைவி கடைசிவரை நம்பவில்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. சாரதியிடம் போய், என்னால்தானே உங்கள் முதல் ஊர்வலம் போய்விட்டது என்றேன். அவர் பஸ்ஸின் மூக்கைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இதைத் திருத்தின நாளிலிருந்து எல்லாரும் ஆசைக்குத்தான் ஏறினார்கள். ஓரிடத்துக்குப் போகவேண்டிய தேவையோடு கைகாட்டி ஏறின முதல் பயணி நீங்கள்தான்."

இன்று என் மகளுக்கு எந்தக் கயிறும் எட்டும். கோடையில் வீதியில் பழைய பஸ் ஒன்றைக் கண்டால் நான் இப்போதும் கையை நீட்டிவிடுவேன், அவள் வெட்கப்பட்டுத் தள்ளி நிற்பாள். அந்தப் பஸ்ஸைக் காப்பாற்றியவர்களுக்கு நான் அன்றே நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் அதைக் கட்டிய காலத்தில், ஒரு மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் அந்த மணிக்கயிற்றைக் கட்டிவைத்த முகம் தெரியாத தொழிலாளிக்கு எப்படி நன்றி சொல்வது என்றுதான் இன்னும் எனக்குத் தெரியவில்லை.