குளிர்பான பாட்டிலில் ஊற்றிய கூலன்ட்

சென்ற சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருவான்மியூரில் நான் குடியிருக்கும் தெருவில் நடந்தது இது. முந்தின நாள் நந்தனம் சிக்னலில் நின்றபோது என் மோட்டார் சைக்கிளில் சூட்டை எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சினைச் சுற்றி ஓடி அதன் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் என்ற திரவத்தை மாற்றி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதை நானே மாற்றுவதென்று தீர்மானித்தேன்.

வண்டி நன்றாக ஆறியிருந்த காலை வேளையில் தொடங்கினேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கீழே இருந்த போல்ட்டைக் கழற்றியதும் மங்கிய பச்சை நிறத்தில் பழைய திரவம் தட்டில் இறங்கியது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, ஆறிய பின் வடித்தேன். இரண்டாம் முறை வடித்தபோது தண்ணீர் தெளிவாக வந்தது. புதிய கூலன்ட் ஊற்றுவது மட்டுமே பாக்கி.

தட்டில் இருந்த பழையதை என்ன செய்வது என்பதை மட்டும் நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன். மழைநீர் வடிகாலில் ஊற்றினால் கால்வாய்க்குப் போகும். மண்ணில் ஊற்றினால் கிணற்று நீரில் கலக்கும். ஆகவே வீட்டில் கிடந்த எலுமிச்சைக் குளிர்பான பாட்டில் ஒன்றில் அதை ஊற்றி, இறுக மூடி, மதில்மேல் வைத்தேன். மறுநாள் ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள ஒரு பட்டறையில், அவர்கள் சேர்த்து வைக்கும் கழிவு எண்ணெயோடு ஒப்படைத்துவிடலாம் என்பது என் எண்ணம். அந்தப் பொறுப்புணர்வைக் குறித்து எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. காலியான டிஸ்டில்டு வாட்டர் கேன்களையும் அதன் பக்கத்திலேயே அடுக்கிவிட்டு மாடிக்குப் போனேன்.

புதிய கூலன்ட் கேனை எடுத்து, அதில் எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்று பார்ப்பதற்காகத் திருப்பினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. விழுங்கினால் நஞ்சு, சிறுநீரகம் செயலிழந்து உயிர் போகலாம், இனிப்பாக இருப்பதால் குழந்தைகளுக்கும் விலங்குகளுக்கும் எட்டாமல் வையுங்கள். பால்கனிக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தேன். மதில்மேல் ஒன்றுமே இல்லை. குப்பை வாங்கும் பேட்டரி வண்டி வந்து போயிருந்தது.

ரேடியேட்டர் காலியாக இருந்ததால் மோட்டார் சைக்கிளை எடுக்க முடியாது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். குப்பை வாங்க விடியலிலிருந்து வெயிலில் நடப்பவர்கள், தாகத்தோடு இருப்பவர்கள், அவர்கள் கையில் பச்சை நிறத்தில் ஒரு பாட்டில். அதை யாரேனும் குடித்திருந்தால் அதற்கு நான் ஒருவன்தான் காரணம். மூன்றாவது தெருவின் முனையில், தூங்குமூஞ்சி மரத்தடியில் அந்த வண்டி நின்றது. ஏறக்குறைய என் வயதுள்ள ஒரு பெண் சாக்கில் பிளாஸ்டிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். உடன் வேலை செய்பவர் நடைபாதையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“இன்னா சார், நாய் தொர்த்துதா?” என்றார் அந்தப் பெண்.

“பச்சை பாட்டில்... யாராவது குடிச்சீங்களா?” என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

“ஓ, அது உன்னுதா? பத்ரமா கீது.” ஓட்டுநர் இருக்கையின் அடியிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். கழுத்தில் சிவப்புத் துணி ஒன்று முடிச்சிடப்பட்டிருந்தது.

“நான் மூடியத் தொறந்துட்டேன் சார்,” என்றார் நடைபாதையில் இருந்தவர். “வாய்கிட்ட கொண்டும் போயாச்சு. இந்தம்மா கையிலயே ஒன்னு போட்டு புடுங்கிச்சு.”

“இவனுக்கு கலர் கலரா இருந்தா போதும் சார். பினாயில குட்த்தா ஸ்ட்ரா கேப்பான்.”

“நீ போட்ற டீக்கு பினாயிலே தேவலாம்!”

அவர்கள் சிரித்தார்கள். நானும் நடைபாதையில் உட்கார்ந்தேன். இது குடிப்பதற்கல்ல என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

“கூல்ட்ரிங்னா ஆட்னா நொர வரணும். இது எண்ண மாறி கொழகொழன்னு ஆடுச்சு. மோந்து பாத்தா இனிப்பா ஒரு வாசன. அதான் பயமா பூட்ச்சு.”

போன வருடம் ஒரு வீட்டில் குளியலறை ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார்களாம். அதைக் குப்பையோடு எடுத்தபோது கசிந்து, இவருடன் வேலை செய்யும் தோழிக்குக் கை வெந்துபோயிற்றாம். அன்று முதல் இவராகவே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறார். சீல் உடைந்த பாட்டில் எது வந்தாலும் முதலில் ஆட்டிப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது, சந்தேகமென்றால் சிவப்புத் துணி கட்டித் தனியே வைத்து மேற்பார்வையாளரிடம் கொடுப்பது. அந்தப் பகுதியில் மற்ற வண்டிக்காரர்களும் இப்போது துணி கட்டுகிறார்களாம்.

பாட்டிலில் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்க வேண்டும், தவறு செய்துவிட்டேன் என்றேன்.

“எழ்தலாம் சார். படிக்கத் தெரியாதவங்களும் எங்கள்ல கீறாங்களே. துணின்னா எல்லாருக்கும் புரியும்.”

தெரியாத திரவம்தானே, பக்கத்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டு பாட்டிலைச் சாக்கில் போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

“சாக்கட அடச்சிக்கினா அதுல எறங்கறதும் எங்காளுங்கதான சார்?”

பாட்டிலை அந்தத் துணியோடு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நன்றி சொன்னதற்கு, “வூட்டுக்குப் போயி செருப்பப் போடு, தார் சுடப்போவுது,” என்று சொல்லிவிட்டு அடுத்த சாக்கை அவிழ்க்கத் தொடங்கினார்.

பட்டம் பெற்று, சுற்றுச்சூழலைப் பற்றி நண்பர்களிடம் மணிக்கணக்காகப் பேசியவன் நான். யாரும் சொல்லித் தராமல், எந்த ஆணையும் இல்லாமல், கூட வேலை செய்பவர்களின் உயிருக்காக ஒரு காவல் முறையையே உருவாக்கியிருந்தவர் அவர். கழிவு கடைசியில் எந்த நீரில் சேரும் என்று அவ்வளவு கவனமாக யோசித்த நான், அதுவரை அது யார் யார் கைகளைக் கடந்து போகும் என்று ஒரு நொடிகூட யோசித்திருக்கவில்லை என்பது, இன்றும் வீட்டில் எந்த ஒரு மூடியைத் திருகும்போதும் என் விரல்களைச் சற்றே நிறுத்திவிடுகிறது.