புரட்டு என்று அச்சான எங்கள் பெரட்டு

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, ஒரே ஒரு எழுத்து என் குடும்பத்தைக் கவிழ்க்கப் பார்த்த கதையையும், ஆண்டவர் அதே எழுத்தை வைத்து எங்களைத் தூக்கி நிறுத்திய கதையையும் சொல்ல வந்திருக்கிறேன்.

1979ஆம் வருடம், தீபாவளிக்கு முந்தின மாதம். ஈப்போவில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து நான்கு அட்டைப்பெட்டிகள் வந்தன. உள்ளே நாங்கள் பாடிப் பதிவு செய்த சின்ன இசைத்தட்டுகள். பக்கத்துக்கு ஒரு பாட்டு. என் கணவர் ராஜன் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு முதல் தட்டை எடுத்தார். நடுவில் இருந்த சிவப்பு வட்டத்தைப் படித்தார். முகம் அப்படியே செத்துப்போனது. என்னிடம் நீட்டினார்.

'புரட்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்கு நேர் கீழே என் பெயர், கிரேஸ் ராஜன்.

பாட்டின் பெயர் புரட்டு இல்லை, பெரட்டு. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். எல்லாரும் திடலில் போய் வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி பெயர் பெயராகக் கூப்பிடுவார். பெயருக்குப் பதில் சொன்னால்தான் அன்றைக்கு வேலை. அதுதான் பெரட்டு. நானும் ராஜனும் தாப்பாவுக்கு அந்தப் பக்கம் ஒரே ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள். அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். ஆட்கள் திசைக்கொருவராகப் போனார்கள். அவர்களுடைய பெயர்களை வைத்துத்தான் நான் அந்தப் பாட்டைக் கட்டினேன்.

"பேரச் சொல்லிக் கூப்பிடு, பெரட்டுக்கு நா வந்துட்டேன்" என்று பல்லவி. சரணத்தில் பெயர்கள் வரும். ராஜனுடைய செத்துப்போன அம்மா அஞ்சலையின் பெயரும் அதில் உண்டு. மெட்டு ராஜன் போட்டது. ரப்பர் மரத்தைக் கித்தா மரம் என்போம். கித்தா சீவிய கையில் கித்தார் வந்ததும் அது சும்மா இருக்குமா? எலக்ட்ரிக் கித்தாரில் அவர் எழுப்புகிற சத்தத்துக்கு ஓடு அதிரும். எங்கள் கூட்டாளி மணியம் டிரம்ஸ் அடித்தான், தண்டவாளம் தட்டுகிற அதே கணக்கில். என் குரலைச் சொல்லவேண்டுமானால், கோவில் பாடகர் குழுவில் "ரொம்ப முரட்டுக் குரல்" என்று என்னைப் பின்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். இந்தப் பாட்டுக்கு அந்த முரட்டுக் குரல்தான் பொருந்தியது. பெருமையாகவே சொல்கிறேன், நன்றாகப் பாடியிருந்தேன்.

இனி என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தட்டு அச்சாவதற்கு முன் ஒருநாள், நான் வேலை பார்த்த துணிக்கடைக்குச் சிங்கப்பூர் இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நாங்கள் கொடுத்த முகவரியும் நம்பரும் கடையுடையவை. நல்ல படித்த குரல். "அம்மா, தலைப்பில் பெரட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் அப்படி ஒரு சொல்லே இல்லையே. புரட்டுதானே?" என்றார். முதலாளி பக்கத்தில் நிற்கிறார். சேலை பார்க்க வந்த டாக்டர் வீட்டு அம்மா நிற்கிறார். தோட்டத்துப் பேச்சை அவர்கள் முன்னால் சத்தமாகச் சொல்லி விளக்க என் நாக்கு எழவில்லை.

"ஆமாங்க, அதான்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

பேதுரு மூன்று தடவை மறுதலித்தார். நான் ஒரே தடவையில் முடித்துவிட்டேன். சேவல்தான் கூவவில்லை.

இதை நான் ராஜனிடம் சொல்லவில்லை. அவர் அச்சுக்காரனைத் திட்டித் தீர்த்தார். "தோட்டத்து ஆளுங்க எழுதத் தெரியாதவங்கன்னு நெனச்சுட்டான்லா" என்று மணியமும் சேர்ந்துகொண்டான். நான் தலையை ஆட்டினேன். ராஜன் சிங்கப்பூருக்குக் கடிதம் போட்டார். பதில் கடைக்கு, என் கைக்கு வந்தது. 'தங்கள் துணைவியார் தொலைபேசியில் உறுதி செய்த பிறகே அச்சிட்டோம்' என்று இரண்டே வரி. அதை மடித்து என் வேதப்புத்தகத்துக்குள் ஒளித்தேன். ராஜன் என் வேதத்தைத் தொடமாட்டார் என்ற தைரியம்.

வீடு நாளுக்கு நாள் மோசமானது. ராஜன் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கித்தாரை உறையில் போட்டு அலமாரி மேல் வைத்தார். பஸ் பட்டறை வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். பேச்சில்லை. வானொலிக்கு அனுப்பலாம் என்றேன். "புரட்டுன்னு அனுப்பி நாறவா?" என்றார். கோவிலில் யாரோ விளையாட்டாக, "என்னா ராஜன், புரட்டு எப்படிப் போவுது?" என்று கேட்டுவிட்டார்கள். அதோடு ஞாயிற்றுக்கிழமையும் நின்றது. "புரட்டுக்காரனுக்குக் கோவில்ல என்னா வேல? நீ போயிட்டு வா" என்றார்.

நான் ஜெபித்தேன். எப்படித் தெரியுமா? "ஆண்டவரே, அந்தப் பாட்டு ஒரே ஒரு தடவை வானொலியில் வரட்டும். இவர் மறுபடியும் கித்தாரைத் தொடட்டும்." உபவாசமும் இருந்தேன். ஆனால் ஜெபிக்க உட்கார்ந்து வேதத்தை எந்தப் பக்கம் திறந்தாலும் அந்தக் கடிதம் நழுவி மடியில் விழும். நடுவில் திறந்தால் சங்கீதம் வரும் என்பார்கள். எனக்குச் சிங்கப்பூர் வந்தது. இப்படியே ஆறு வாரம். ஆண்டவர் எனக்கு என்றைக்கோ பதில் சொல்லிவிட்டார், நான்தான் அதை மடித்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது ஞாயிறு கோவிலுக்குப் புறப்பட்டவள், வாசலிலிருந்து திரும்பி வந்தேன். ராஜன் பசியாறிக்கொண்டிருந்தார். கடிதத்தை ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டு தடவை படித்தார்.

"பெரட்டுன்னு சொல்ல ஒனக்கு வெக்கமா இருந்துச்சா?"

"ஆமாங்க."

"எங்கம்மா பேரு அந்தப் பாட்டுல இருக்கு, கிரேஸ்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் அழுதபோதே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை. கொஞ்ச நேரம் கழித்து, "என்னா செய்யப்போற?" என்றார்.

"வானொலிக்கு அனுப்பப்போறேன். நடந்தத அப்படியே எழுதி அனுப்பப்போறேன்."

"ஒன் பேருதான் கெடும்."

"கெடட்டுங்க."

அன்றைக்கே எழுதினேன். பெரட்டு என்றால் என்ன, எங்கள் தோட்டம் எது, போனில் நான் எப்படி வெட்கப்பட்டேன், எல்லாம். தட்டோடு வைத்து அனுப்பினேன். இந்தத் தடவை ஜெபம் ஒரே வரிதான். "ஆண்டவரே, உண்மையை எழுதிவிட்டேன், இனி உங்கள் சித்தம்."

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம். கடையில் நல்ல கூட்டம். அலமாரி மேலிருந்த வானொலியில் நேயர் விருப்பம் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அறிவிப்பாளர் என் கடிதத்தை வாசிக்க ஆரம்பித்தார். ஒரு வரி விடவில்லை. என் கையிலிருந்த அளவுகோல் கீழே விழுந்தது. வாசித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "நேயர்களே, நானும் பெரட்டுத் திடல்ல நின்னவங்க வீட்டுப் பிள்ளதான். இந்தத் தட்டுல புரட்டுன்னு இருக்கு. நான் அப்படிப் படிக்கமாட்டேன். இதோ, பெரட்டு."

மணியத்தின் தட்டல். ராஜனின் கித்தார். பிறகு என் முரட்டுக் குரல் கடை முழுக்க.

ஓடிப்போய் அதே போனை எடுத்தேன். பட்டறைக்கு அடித்து, ராஜனைக் கூப்பிடுங்கள், வானொலியில் எங்கள் பாட்டு வருகிறது என்றேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். "என்னா பாட்டு? கேக்கல, சத்தமா சொல்லும்மா" என்றார்கள்.

"பெரட்டு" என்று கத்தினேன். முதலாளி திரும்பினார். சேலை பார்த்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "பெரட்டு, அண்ணே. பு இல்ல, பெ. பெரட்டு."

ராஜன் ஓடி வந்து பட்டறை வானொலியில் கடைசிச் சரணத்தைக் கேட்டாராம். அவர் அம்மா பெயர் வரும் இடம் அது. சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது கித்தார் உறைக்கு வெளியே இருந்தது. அடுத்த நாள் அவர் என்னோடு கோவிலுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

நான் ஒரு தடவை கேட்டேன், ஆண்டவர் மாதக்கணக்கில் கொடுத்தார். தாப்பா, தெலுக் இந்தான், சிம்பாங் பூலாய் என்று எங்கிருந்தெல்லாமோ வானொலிக்கு அட்டைகள் குவிந்தன. விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களை வாசிப்பது அந்த நிகழ்ச்சியின் வழக்கம். எங்கள் பாட்டுக்கு மட்டும் அறிவிப்பாளர், "பெரட்டு ஆரம்பிக்குது" என்று சொல்லிவிட்டு, தோட்டம் தோட்டமாகப் பெயர்களை வாசிப்பார். பாதித் தோட்டங்கள் அப்போது இல்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள், இல்லை வீடு கட்டிவிட்டார்கள். ஆனால் அந்த ஆட்களின் பெயர்கள் நாடு முழுக்கக் கேட்டன. ஈப்போ மண்டபத்தில் எங்களை மேடையேற்றிப் பாட வைத்தார்கள். கூட்டமே எழுந்து "வந்துட்டேன்" என்றது. கோவில் பாடகர் குழுவில் இன்றுவரை நான் முன்வரிசை.

நான்கு பெட்டித் தட்டுகளும் அதே சிவப்பு வட்டத்தோடுதான் விற்றுத் தீர்ந்தன. போன வருடம் தெலுக் இந்தானில் ஒரு வீட்டுக்கு ஜெபிக்கப் போயிருந்தேன். அங்கே எங்கள் தட்டு இருந்தது. 'பு'வை மைப்பேனாவால் அடித்து, மேலே அழகாகப் 'பெ' என்று எழுதியிருந்தார்கள். "நாங்க மட்டும் இல்லக்கா, எங்க லைன் வீடுங்கள்ல எல்லாருமே திருத்திட்டாங்க" என்றார் அந்த வீட்டம்மா. நான் வெட்கப்பட்டு மறுத்த எழுத்தை, முகம் தெரியாத எத்தனையோ பேர் எனக்காகத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய மன்னிப்பு எனக்கு எங்கே கிடைக்கும்?

அன்பானவர்களே, உங்கள் வேதத்துக்குள் நீங்களும் எதையாவது மடித்து வைத்திருந்தால், இன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். ஆண்டவரை நம்புங்கள். நாம் வெட்கப்படுகிற பெயரையும் அவர் மறக்கமாட்டார், கூப்பிடுவார். கூப்பிடும்போது யார் பக்கத்தில் நின்றாலும் சரி, கடை முழுக்கக் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.