அந்தோனியாருக்கு அவசரப்பட்டுக் கொடுத்த நேர்த்திப் பாண்

முந்தின வருடம் தேசிக்காய் அளவில் இருந்த கட்டி, போன வருடம் தவக்காலத்தில் மாங்காய் அளவாகிவிட்டது. வலது தொடையில். நான் தோட்டவெளி ஊர்க்காரன், கடற்கரையில் கரைவலை இழுக்கிறவன். கயிறு உராய்ந்து வந்த வீக்கம் என்று எண்ணெய் பூசிக்கொண்டு திரிந்தேன். என் மனைவி ரெஜினாதான் சண்டை பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கட்டியில் சின்னத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் சோறு தின்றது பேருக்குத்தான். எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். நான் போய்விட்டால் அவர்களுக்கு யார்? வள்ளத்துக்குப் பின்னால் ஒளித்திருந்து அழுதேன். "அந்தோனியாரே, புற்றுநோய் எண்டு மட்டும் சொல்லவிடாதையும்." அதுதான் என் ஒரே மன்றாட்டு.

வீக்கத்துக்குரிய அணுக்கள் மட்டும்தான் தெரிகிறது என்று முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை! அடுத்த செவ்வாய்க்கிழமையே அந்தோனியார் கோயிலில் நேர்த்திப் பாண், நேர்ந்துகொண்ட ரொட்டி, ஏழைகளுக்குக் கொடுத்தேன். மைக்கில் என் பெயர் சொல்லி நன்றி வாசித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே வாரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். டொக்டர் இளம் பெண்.

"ஐயா, ஸ்கானில ஆழத்தில கொழுப்புக் கட்டி தெரியுது. ரிப்போட்டில வெறும் வீக்கம் எண்டிருக்கு. ரெண்டும் பொருந்தேல்லை. பெரிய துண்டு ஒண்டு எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பாண் குடுத்திட்டன் பிள்ளை! நன்றியும் வாசிச்சாச்சு. இனித் திருப்பிச் சோதிச்சால் அந்தோனியாரை நம்பேல்லை எண்டெல்லோ ஆகும்?"

டொக்டர் ரெஜினாவைப் பார்த்தார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் புற்றுநோய் எண்டு சொல்லக்கூடாது எண்டு கேட்டனீங்கள். நான், என்ன இருந்தாலும் காட்டித்தாரும் எண்டு கேட்டனான். என்ர மன்றாட்டு இன்னும் முடியேல்லை. கட்டிலில ஏறிப் படுங்கோ!"

படுத்தேன். வேறு என்ன செய்ய?

கொழும்பு முடிவை டொக்டர் பொறுமையாக விளக்கினார். கொழுப்பில் வரும் புற்றுநோயில் இது மிக அரிய வகை. வீக்கத்தின் அணுக்கள் திருவிழாக் கூட்டம்போல நிறைந்து நிற்க, புற்றுநோய் அணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக அதற்குள் ஒளித்துக்கொள்ளுமாம். முதல் எடுத்த சின்னத் துண்டில் அவை அகப்படவில்லை. பெரிய துண்டில், மரபணுச் சோதனையும் செய்த பிறகுதான் பிடிபட்டிருக்கிறது.

"இன்னும் பரவேல்லை ஐயா. வெட்டி எடுக்கலாம்."

"கால்?"

"கால் இருக்கும்."

நான் கதிரையில் இருந்தபடியே அழுதேன். ரெஜினா என் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நோய் இருக்கிறது என்று கேட்டு இப்படிச் சந்தோசப்பட்ட இரண்டு பேரை அந்த டொக்டர் பார்த்திருக்க மாட்டார்.

சத்திரசிகிச்சையில் கட்டி முழுதாக வந்துவிட்டது. திரும்ப முளைக்கக்கூடிய சாதி என்பதால் சொன்ன நாளுக்கு ஸ்கான் எடுக்கப் போகிறேன், ஒன்றையும் தவறவிட்டதில்லை. கொஞ்சம் நொண்டினாலும் கயிறு பிடிக்கிறேன். என்னோடு இழுக்கிறவர்கள் யாராவது "சும்மா வீக்கம்" என்றால் விடமாட்டேன், ஆஸ்பத்திரிவரைக்கும் கூடவே போவேன். பெரிய கரைச்சல்காரன் என்று பெயர் எடுத்துவிட்டேன்.

சகோதரங்களே, நம்பிக் கேளுங்கள். ஆனால் பதிலையும் நீங்களே எழுதிக்கொண்டு போய் நீட்டாதீர்கள். பயமாக இருந்தாலும் உண்மையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டது கேட்டபடி கிடைத்திருந்தால், இன்று உங்கள் முன்னால் ரெஜினா மட்டும்தான் நின்றிருப்பாள். என் மன்றாட்டைத் தள்ளிவைத்துவிட்டு என் மனைவியின் மன்றாட்டைக் கேட்ட அந்தோனியாரே, உமக்குக் கோடி நன்றி!