போத்தல் நிரம்பும் நேரம்

இருபத்திரண்டு வருடம் குவைத்தில் பிரிஜும் ஏசியும் திருத்தியவன் நான். யாரிடமும் "இது சரிவராது" என்று கையை விரித்ததில்லை. அப்படிப்பட்டவனின் வீட்டு அடுப்படியிலேயே, நான் கப்பலில் போட்டு அனுப்பிய பிரிஜ் போன நோன்பில் என் மானத்தை வாங்கிவிட்டது.

கதவிலேயே தண்ணீர் வரும் பிரிஜ் அது. கோப்பையை வைத்து அழுத்தினால் குளிர்ந்த தண்ணீர் விழும். வாங்கிப் பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. உடைந்த கைப்பிடியை நான்தான் ஒட்டினேன், கதவு ரப்பரை இரண்டு தடவை நான்தான் மாற்றினேன். என் மனைவிக்கு அந்தப் பிரிஜில் ஒரு பைத்தியம். பின்னேரம் அஸர் தொழுததும் எங்கள் ஒழுங்கை வீட்டுப் பெண்கள் போத்தல்களோடு நேரே அடுப்படிக்குள் வருவார்கள். யாருடையது என்று தெரிய ஒவ்வொரு போத்தலின் கழுத்திலும் ஒவ்வொரு நிறத் துணித்துண்டு கட்டியிருக்கும். அவள் நின்று நிரப்பிக் கொடுப்பாள். கரண்ட் பில் ஏறியபின் பாதி வீடுகளில் பிரிஜை நிப்பாட்டி அதற்குள் உடுப்பு அடுக்கத் தொடங்கினார்கள், எங்கள் அடுப்படியில் கூட்டம் இன்னும் கூடியது.

அவளுடைய பைத்தியத்துக்குக் காரணம் இருந்தது. யுத்தத்தில் ஊரை விட்டு விரட்டப்பட்டுப் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில், ஒரு வீட்டுக் கேற்றடியில் குடத்தோடு போய் நின்றிருக்கிறாள். வீட்டுக்காரி எட்டிப் பார்த்து "மோட்டர் பழுது" என்றிருக்கிறாள். உள்ளே மோட்டர் ஓடுகிற சத்தம் இவளுக்குக் கேட்டிருக்கிறது. "தரமாட்டன் எண்டு சொல்லியிருந்தாலும் மனசு ஆறியிருக்கும். பழுதெண்டு சொன்னாவே!" என்று எத்தனை வருடம் கழித்தும் சொல்லிச் சொல்லி எரிந்தாள். மௌத்தாவதற்கு முந்திய கிழமை என்னைக் கூப்பிட்டு, "அஸருக்குப் பிறகு அந்தத் தண்ணியை மட்டும் நிப்பாட்டிப் போடாதீங்கோ" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வீடு கடைசி மகளின் சீதனம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். கலியாணத்தோடு வீட்டை மகளின் பேரில் உறுதி எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் பின்பக்கம் ஓர் அறையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன், அறையும் கட்டினேன். ஒதுங்கினேனா என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன். மனைவி போன பிறகு தண்ணீர் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவள் பேரில் என் கையால் போகிற நன்மை அது ஒன்றுதான் என்று நினைத்தேன், அதைக் கைவிட என்னால் முடியவில்லை.

நோன்பு மாதம் பிறந்து நாலாம் நாள் தண்ணீர் மெதுவானதைக் கவனித்தேன். ஒரு லீற்றர் போத்தல் ஒரு நிமிஷத்துக்குள் நிரம்ப வேண்டும். அன்று மூன்று நிமிஷம் எடுத்தது. இரண்டு நாள் கழித்து ஐந்து. கிழமை முடியும்போது நூல் மாதிரி ஒழுகியது.

முதலில் பில்டரைப் பிடித்தேன். எங்கள் ஊர்த் தண்ணீருக்கு யார் வீட்டுக் கேத்தலைக் கவிழ்த்தாலும் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டியிருக்கும், பில்டர் மட்டும் என்ன பாவம் செய்தது? அதைக் கழற்றிவிட்டுச் சும்மா மூடியைப் போட்டுப் பார்த்தேன். அதே ஒழுக்கு. பிறகு கதவுக்குள் போகிற குழாய் உறைந்திருக்கும் என்று சந்தேகப்பட்டேன். "மீன் கெட்டுப்போகும் வாப்பா" என்று மகள் சொல்லச் சொல்லக் கேட்காமல் காலையிலிருந்து மத்தியானம் லுஹர் வரை பிரிஜை நிப்பாட்டி வைத்தேன். அவளுடைய தலைமயிர் காயவைக்கிற மிசினை வாங்கிக் கதவுக்குச் சூடு பிடித்தேன். கதவின் கீழ்ப் பிணைச்சலடியில் குழாயைக் கழற்றி வாயால் ஊதினேன். காற்றுத் தடையில்லாமல் போனது. ஏணி வைத்து ஏறித் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தேன், நிறைந்திருந்தது. குசினிப் பைப்பைத் திறந்தேன், சட்டியே கவிழ்கிற வேகத்தில் பாய்ந்தது.

ஒன்றும் அகப்படாவிட்டால் மனிதன் மனிதரில்தான் பாய்வான். பில்டரை டவுனில் வாங்கி வந்தவர் மருமகன். கந்தோரில் வேலை செய்கிற, அதிர்ந்து பேசாத பிள்ளை. போத்தலோடு நாலு பெண்கள் நிற்கும்போதே அவரைக் கூப்பிட்டேன்.

"எதைக் கேட்டாலும் மலிவில வாங்கிற பழக்கத்தை விடுங்கோ தம்பி. கள்ளச் சாமானைக் கொண்டுவந்து மாட்டி, மாமி குடுத்த தண்ணியை மறிச்சுப் போட்டீங்கள்."

"பிழைதான் மாமா. வேற ஒண்டு வாங்கி வாறன்" என்று சொல்லிவிட்டு அந்த வெயிலிலேயே மோட்டர் சைக்கிளை எடுத்தார். புதியதும் அதே ஒழுக்கு. அதற்கும் அவரைத்தான் ஏசினேன். அவர் ஏன் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை என்று நான் நினைத்தும் பார்க்கவில்லை.

தண்ணீர் மெதுவானதும் பெண்கள் நிற்கும் நேரம் கூடியது. நின்றால் சும்மா நிற்பார்களா? "என்ன கறி?" என்பார்கள். கஞ்சிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும் மகளைத் தலையிலிருந்து வயிறு வரை பார்த்துவிட்டு, "ஒரு விசேஷமும் இல்லையா மகள்? மூண்டு வருசமாச்சே?" என்பார்கள். அவளுக்குப் பதிலாக நான், "துஆ செய்யுங்கோ, துஆ செய்யுங்கோ" என்று சிரித்துக்கொண்டு போத்தலைப் பிடித்திருப்பேன். நல்லது கேட்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

மின்சாரத்தில் திறந்து மூடுகிற உள் வால்வ் சோர்ந்துவிட்டது என்று கடைசியில் முடிவுகட்டிக் கொழும்பிலிருந்து ஒன்றைத் தருவித்தேன். அதை மாற்றுவதற்குப் பிரிஜை இழுக்க வேண்டும். மற்றவன் வீடாக இருந்தால் முதல் வேலையே பிரிஜை இழுத்துப் பின்பக்கம் பார்ப்பதுதான். என் கீழ் வேலை பழகியவர்களை அதற்காகவே ஏசியிருக்கிறேன். ஆனால் இங்கே பின்பக்கத்தில் இருந்தது நான் செய்த வேலை. சுவரிலிருந்து பிரிஜுக்குத் தண்ணீர் போகிற கைவால்வைப் பொருத்தியவனும் நான், திறந்து விட்டவனும் நான். என் வேலை பிழைக்குமா? அந்தத் திமிரில்தான் இத்தனை நாளும் போனது.

மருமகன் கந்தோருக்குப் போயிருந்தார். லுஹருக்குப் பிறகு தனியாகவே இழுத்தேன். பின்னால் சிலந்தி வலையும் தூசியும் அப்பிக் கிடந்தன. கைவால்வின் பிடியில் மட்டும் தூசி இல்லை. பிடி முக்கால்வாசி மூடியிருந்தது.

"ஆரு இதைத் தொட்டது?" என்று கத்தினேன். "உன்ட புருஷன்தானே? எனக்கு அப்பவே தெரியும்! கரண்ட் பில்லுக்குப் பயந்து உன்ட உம்மாட தண்ணியைப் பூட்டியிருக்கிறார்!"

மகள் வெங்காயத்தையும் கத்தியையும் கீழே வைத்தாள். "அவர் இல்ல வாப்பா. நான்தான்."

அவளுடைய மெலிந்த கை சுவருக்கும் பிரிஜுக்கும் நடுவில் போகும். என் கை போகாது.

"ஒரேயடியாப் பூட்டினா உங்களுக்கு விளங்கிடும். அதுதான் கொஞ்சம் கொஞ்சமாப் பூட்டினனான். மெல்ல வந்தா அலுத்துப்போய் வராம விடுவாங்கள் எண்டு நினைச்சன். எனக்குப் புத்தியில்ல. மெல்ல வர வரக் கூட நேரம் நிண்டு கேட்டாங்கள்."

"என்னத்தைக் கேட்டவங்கள்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பக்கத்தில நிண்ட உங்களுக்குத் தெரியாதா? போன மாசமும் கலைஞ்சு போச்சு வாப்பா. ரெண்டாந்தரம். ஆஸ்பத்திரியால வந்து மூண்டாம் நாள், இதில நிண்டுதான் 'விசேஷம் இல்லையா' எண்டு கேட்டாங்கள். நீங்க சிரிச்சு 'துஆ செய்யுங்கோ' எண்டீங்கள்."

காய்ச்சல் என்று சொல்லித்தான் அன்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். என்ன காய்ச்சல் என்று நான் கேட்கவில்லை. பிரிஜுக்கு என்ன நோய் என்று ஒரு கிழமை முழுக்கத் தேடித் திரிந்தவன் நான்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே மகள்?"

"எப்படிச் சொல்றது? நீங்க உடனே உம்மாட பேரை இழுப்பீங்கள். அவருக்கு எல்லாம் தெரியும். அவர் உங்களிட்ட ஏச்சு வாங்கினது எனக்காக."

"சரி, இனி ஒருத்தரும் உள்ள வர வேணாம். நான் நிரப்பிக் கேற்றடியில குடுக்கிறன்."

"கேற்றடியில உங்களிட்டக் கேப்பாங்கள். நீங்க என்ன சொல்லுவீங்கள் வாப்பா?"

பழக்க தோஷத்தில் வாய்க்கு வந்தது அந்த "துஆ செய்யுங்கோ"தான்.

"இந்த வீட்டை எனக்கெண்டுதானே எழுதித் தந்தீங்கள்?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போய்க் கேட்டாள். பிறகு குனிந்து வெங்காயத்தை எடுத்தாள்.

அவள் பக்கம் நியாயம் இருந்தது. அதற்காக என் நெஞ்சு எரியாமல் இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், உயிரோடு இருக்கிறவளின் குனிந்த தலை மறுபக்கம். இரண்டையும் என் வாயாலும் என் கோபத்தாலும் இப்படி முட்டவைத்தவன் நானே. அந்த வயதில், அந்த நோன்பில், எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

கையை நீட்டி வால்வை முழுதாகப் பூட்டினேன். பிரிஜைச் சுவரோடு தள்ளிவிட்டேன்.

அஸர் முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரி முதல் ஆளாக வந்தாள். சிவப்புத் துணி கட்டிய போத்தல். என் மனைவியோடு புத்தளத்தில் ஒரே வரிசைக் கொட்டிலில் இருந்தவள். நான் கேற்றைத் திறக்காமல் உள்ளே நின்றேன்.

"பிரிஜ் பழுது" என்றேன்.

"உங்களாலயும் திருத்த ஏலாதா நானா?"

"ஏலாது."

அந்த நேரம் பார்த்து அடுப்படியில் பிரிஜின் மோட்டர் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. பழைய பிரிஜ், கேற்றடி வரை சத்தம் கேட்கும். அவள் அடுப்படிப் பக்கம் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வெறும் போத்தலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.